மங்கலான கோடும் கோடுதான்: போதைப் பரிசோதனைகள் என்ன சொல்கின்றன?

(காட்சி: நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸ். மேசை மேல் சிறுநீர் டப்பியும் ஒரு பட்டையும்.)

வணக்கமுங்க. போன மாதம் ஒரு லாரி ஆபீஸில் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரைவர் அண்ணன் ஒருவருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை. பட்டையில் மேல் கோடு பளிச்சென்று விழுந்தது. கீழே இன்னொன்று, வெள்ளை வேட்டியில் பழைய கறை மாதிரி மங்கலாக. “ஏனுங்க, ரெண்டு கோடு வந்துருச்சே, மாட்டிக்கிட்டாரா?” என்றார் மேனேஜர். அண்ணன் முகம் செத்துப்போனது.

கர்ப்பம் பார்க்கும் பட்டையில் ரெண்டு கோடு என்றால் ‘ஆமாம்’. இங்கே அப்படியே தலைகீழ்.

(காட்சி: பட்டை, மிக அருகில்.)

கீழ்க் கோடு இருக்கும் இடத்தில் அந்தப் போதைப்பொருளை முன்கூட்டியே ஒட்டி வைத்திருப்பார்கள். சாயம் பூசிய எதிர்ப்பொருள் (போதைப்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதம்) அதைத் தேடி வந்து பிடிக்கும்போதுதான் கோடு தெரியும். சிறுநீரிலேயே போதைப்பொருள் இருந்தால் எதிர்ப்பொருள் வழியிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும், கோடு விழாது. அதனால் கோடு இல்லாவிட்டால்தான் சந்தேகம். மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். மேல் கோடே வராவிட்டால் பட்டை கெட்டது, தூக்கிப் போடுங்கள்.

சரி, கோடு வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது சந்தேகம் மட்டுமே. சளி மாத்திரையில் உள்ள சூடோஎஃபெட்ரின், ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதைப்பொருள் போலத் தெரியலாம். கோடீன் கலந்த இருமல் சிரப் உடம்புக்குள் போய் மார்ஃபினாகவும் மாறும். நம் வீட்டுக் குருமாவில் அரைத்து விடும் கசகசாவில்கூட நிஜமாகவே கொஞ்சம் மார்ஃபின் உண்டு. இந்தத் தொல்லைக்காகத்தான் அமெரிக்க அரசு 1998-ல் ஓபியேட் (மார்ஃபின், கோடீன் போன்ற அபின் வகை) சிறுநீர்ச் சோதனையின் வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தியது. சோதனைக்கு முன்பு என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதி வைப்பது அவ்வளவு முக்கியம்.

உறுதிசெய்ய ஆய்வகம் வேண்டும். கேஸ் குரோமட்டோகிராபியில் பொருள்களைப் பிரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் ஒவ்வொன்றையும் எடை பார்த்து அடையாளம் காண்பார்கள். செலவும் நாளும் ஆகும். ஆனாலும் ஒருவர் வேலையைப் பறிக்கும் முன் இதைச் செய்யாமல் விடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

(காட்சி: ரத்தக் குழாய், எச்சில் பஞ்சு, முடிக் கற்றை.)

மற்ற சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தமும் எச்சிலும் சமீபத்தியதைச் சொல்லும், பெரும்பாலும் ஓரிரு நாள் கணக்கு. எச்சிலை எதிரிலேயே எடுப்பதால் ஏமாற்றுவது கடினம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். மூன்று சென்டிமீட்டர் வெட்டினால் மூன்று மாதக் கதை கிடைக்கும். ஆனால் போன வாரம் எடுத்தது தெரியாது, அந்த முடி இன்னும் தோலுக்குள்தான் இருக்கும்.

சிறுநீர்தான் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. எப்போதாவது கஞ்சா இழுத்தவருக்கு மூன்று நாள் போலத் தெரியும். தினமும் இழுத்தவருக்கு ஒரு மாதம்கூட நீளும். அதனால் இப்போது ஸ்டியரிங் பிடிக்கும் கை போதையில் இருக்கிறதா என்பதற்குச் சிறுநீர் பதில் சொல்லாது.

அன்றைக்குப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்து மேனேஜரிடம் காட்டினேன். அவர் ‘நெகட்டிவ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் சாவியை வாங்கியதும் முதலில் வீட்டுக்குத்தான் போன் போட்டார்.