டெவ் போட்டீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். கணினியில் ஒரு படத்தைத் திறக்கிறீர்கள். சுருக்கி அனுப்பிய கோப்பு ஒன்றை விரிக்கிறீர்கள். இரண்டு வேலைக்கும் நிரல்கள் வேறு. ஆனால் இரண்டுமே பெரும்பாலும் ஒரே நிரலகத்தைத்தான், அதாவது பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பைத்தான், துணைக்கு அழைக்கின்றன. இசட்லிப் என்று பெயர். ழான்லூ கெய்லி, மார்க் ஆட்லர் என்ற இருவர் எழுதி 1995இல் வெளிவந்தது.

டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் இப்படிப்பட்ட நிரலகங்கள் தனித்தனிப் பொதிகளாக, அதாவது நிறுவுவதற்கென்று கட்டிவைத்த கோப்புக் கட்டுகளாக, இருக்கும். தனக்கு எந்தெந்த நிரலகம் தேவை என்பதை ஒவ்வொரு பொதியும் தானே சொல்லிவிடும். ஆப்ட் என்ற கருவி அதைப் படித்து, இல்லாததைக் கொண்டுவந்து சேர்க்கும்.

இங்கே என் பழைய கதை ஒன்று. படங்களைக் கையாளும் சிறு நிரல் ஒன்றை மூலநிரலிலிருந்து தொகுக்க, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்ற, உட்கார்ந்தேன். "பிஎன்ஜி டாட் எச் கிடைக்கவில்லை" என்று நின்றுவிட்டது. பிஎன்ஜி படங்களுக்கான நிரலகமான லிப்பிஎன்ஜி கணினியில் இருக்கிறது! நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். அதே பிழை. மூன்றாம் முறையும் நிறுவினேன், பிடிவாதத்துக்கு மருந்தில்லை. இரண்டு மாலைகள் போன பிறகுதான், பெயரின் முடிவில் 'டெவ்' என்று வரும் இன்னொரு பொதி இருப்பதே கண்ணில் பட்டது. நிரல் ஓடுவதற்கு ஒரு பொதி. புதிதாக ஒன்றைத் தொகுப்பதற்கு டெவ் பொதி. நிரலகத்தில் என்னென்ன இருக்கிறது என்று தொகுக்கும்போது சொல்லும் பிஎன்ஜி டாட் எச் போன்ற தலைப்புக் கோப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நிரலை ஓட்ட மட்டும் செய்கிறவருக்கு அவை எதற்கு? பிரித்து வைத்தது நியாயம்தான். இன்றும் யாராவது "நிறுவிவிட்டேன், ஆனாலும் இல்லை என்கிறது" என்றால், மீதியைக் கேட்பதற்கு முன்பே "டெவ் போட்டீர்களா?" என்பேன்.

ஒரே நிரலகத்தை எல்லா நிரல்களுக்கும் பொதுவாக வைப்பதால் என்ன லாபம்? 2002இல் இசட்லிப்பில் ஓட்டை ஒன்று தெரியவந்தது. ஒரே நினைவிடத்தை இரண்டு முறை விடுவித்துவிடும் பிழை. பொது நிரலகத்தை நம்பியிருந்த நிரல்களுக்கு ஒரு பொதியை மாற்றி, அவற்றை நிறுத்தித் தொடங்கினால் போதும். நிறுத்தித் தொடங்க வேண்டும், அதை மறக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய பிரதியையே பிடித்துக்கொண்டிருக்கும். இசட்லிப்பை நகலெடுத்துத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்த நிரல்களையோ ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். எக்ஸ்இசட் என்ற இன்னொரு சுருக்க நிரலகத்தின் கதையைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன். பராமரிப்பாளர்களில் ஒருவராகவே நம்பிக்கை பெற்றிருந்தவர் அதில் பின்கதவு, அதாவது கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி, வைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட். டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டவில்லை. வணக்கம்.