மாரி மழையில் கோழிக்கூடு: குளிரை விட ஈரத்துக்குப் பயப்படுங்கள்

வணக்கம் உறவுகளே. உப்புவெளியில் எங்கள் பின்வளவில் நிற்கிறேன். இந்தச் சத்தம் தகரத்தில் விழும் மழை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மாரி தொடங்கியதிலிருந்து நிறையப் பேர் கேட்பது ஒன்றுதான்: "கோழிக்குக் குளிருமே, கூட்டைச் சுற்றி மூடிவிடலாமா?"

மூடாதீர்கள். தயவுசெய்து மூடாதீர்கள். கோழியின் உடல் சூடு 41 பாகை அளவில் இருக்கிறது. திருகோணமலையில் மார்கழி இரவுகூட 20 பாகைக்குக் கீழே போவது அரிது. இறகு காய்ந்திருந்தால் வளர்ந்த கோழி அதைத் தாங்கிவிடும். நனைந்தால்தான் சூடு நிற்காது. நான்கு பக்கமும் படங்கைக் கட்டினால் எச்சத்தின் ஈரம் உள்ளேயே தங்கும், அமோனியா நெடி ஏறும், கண் எரியும், சளி பிடிக்கும்.

எங்கள் கூட்டைப் பாருங்கள். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து, கடல் பக்கமாக மழையைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அந்தப் பக்கம் மட்டும் கிடுகு, அதன் மேல் படங்கு. மேற்குப் பக்கம் வெறும் கம்பி வலை. கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறோம். காற்று கோழியின் தலைக்கு மேலால் போக வேண்டும், உடம்பில் நேரே அடிக்கக்கூடாது.

அப்புறம் தரை. இதுதான் முக்கியம். தம்பலகாமம் பக்கத்து அரிசி ஆலை உமி இது. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடிக்கிறேன். கையைத் திறந்ததும் உதிர்கிறது, நல்லது. தண்ணீர்ப் பாத்திரத்தடியில் பிடித்துப் பார்ப்போம்... பாருங்கள், உருண்டையாக ஒட்டி நிற்கிறது. இதை இன்றைக்கே அள்ளி வாழையடியில் போட்டுவிட்டுப் புது உமி போட வேண்டும். இன்னொன்று, குனிந்து கோழி நிற்கும் உயரத்தில் மணந்து பாருங்கள். நாம் நிமிர்ந்து நிற்கும்போது தெரியாத நெடி அங்கே தெரியும்.

ஈர உமியில்தான் இரத்தக் கழிச்சல் பரவுகிறது. அதைக் கொண்டுவரும் ஒட்டுண்ணிக்கு ஈரமும் வெதுவெதுப்பும் போதும், ஓரிரு நாளில் தொற்றத் தயாராகிவிடும். இளங்குஞ்சுகள்தான் அதிகம் அடிபடும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குந்தியிருந்தால், எச்சத்தில் இரத்தம் கண்டால், உடனே பிரித்து வைத்துவிட்டு மிருக வைத்தியரிடம் போங்கள். வீட்டில் மிஞ்சிய மாத்திரையைக் கரைத்துக் கொடுத்து நாளைக் கடத்த வேண்டாம், ஒரு குஞ்சோடு நிற்காது.

குஞ்சுகளுக்குக் குளிரும் ஆபத்துத்தான். முதல் வாரம் 32 முதல் 35 பாகை சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று பாகை அளவில் குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லும். பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் சூடு போதாது. ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது. பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. கரண்ட் போனால் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றி உள்ளே வையுங்கள்.

தீன் சாக்கைத் தரையில் வைக்காமல் பலகையில் ஏற்றி வையுங்கள். பூஞ்சணம் பிடித்த தவிட்டையும் புண்ணாக்கையும் கொட்டிவிடுங்கள். வெயிலில் காயவைத்தாலும் அதிலுள்ள நஞ்சு போகாது.

தேங்கிய தண்ணீரையும் ஊற்றிவிடுங்கள், கொண்டையில் வரும் அம்மைப் பருவைப் பரப்புவது நுளம்புதான். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. உங்கள் கூடு எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று கீழே எழுதுங்கள், எந்தப் பக்கம் மறைக்கலாம் என்று சொல்கிறேன்.