வரி முனையில் நிற்காதீர்கள்

வணக்கம், நேயர்களே. வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கம் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளுக்கும், அவர்கள் படிப்பதை அடுப்படியிலிருந்தே காது கொடுத்துக் கேட்கிற பெற்றோருக்கும் இந்தப் பேச்சு.

ஆங்கிலச் செய்யுளைப் பிள்ளை படிக்கும் சத்தம் உங்களுக்குத் தெரியும். ஒரு வரி, ஒரு நிறுத்தம். அடுத்த வரி, மறுபடி ஒரு நிறுத்தம். கவிதை புரியாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். கடினமான சொற்களைவிட, தப்பான இடத்தில் நிற்பதுதான் அதிகம் கெடுக்கிறது.

ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் 1833-இல் எழுதி 1842-இல் வெளியிட்ட 'யுலிஸிஸ்' கவிதையைப் பாருங்கள். மொத்தம் 70 வரி. அதன் முதல் வாக்கியமே ஐந்து வரிக்கு ஓடுகிறது. மூன்றாம் வரி 'ஐ மீட் அண்ட் டோல்' என்று முடியும். அளந்து கொடுக்கிறேன் என்கிறான், கிரேக்கக் கதையில் வரும் அரசன் யுலிஸிஸ். எதை? பதில் நாலாம் வரியில் இருக்கிறது: 'அன்ஈக்வல் லாஸ்', சமமில்லாத சட்டங்களை. மூன்றாம் வரியோடு மூச்சை விட்டால் வினை ஒரு பக்கம், செயப்படுபொருள் ஒரு பக்கம். அப்புறம் பிள்ளை நோட்ஸைத் தேடாமல் என்ன செய்யும்?

ஆகவே முதல் தடவை அகராதியைத் தொடாமல், வாய்விட்டுப் படியுங்கள். கமாவில் கொஞ்சம், அரைப்புள்ளியில் இன்னும் கொஞ்சம், முற்றுப்புள்ளியில் முழுசாக நில்லுங்கள். வரி முனையில் குறி இல்லையா, நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். இரண்டாம் தடவை பென்சில் எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் யார், என்ன செய்கிறார் என்பதற்கு மட்டும் அடிக்கோடு. அகராதி மூன்றாம் தடவைதான்.

சந்தத்துக்கும் காது போதும். அதே கவிதையின் கடைசி வரியை மேசையில் தட்டிக்கொண்டே சொல்லுங்கள்: 'டு ஸ்ட்ரைவ், டு ஸீக், டு ஃபைண்ட், அண்ட் நாட் டு யீல்ட்.' பத்து அசை. இரண்டுக்கு ஒன்று அழுத்தம், ஆக ஐந்து அழுத்தம். வரி முனைகளில் எதுகைபோல ஓசை ஒத்துவராது. அதற்குப் பெயர் பிளாங்க் வெர்ஸ். இதற்குப் போய் 'ஏ பி ஏ பி' என்று ரைம் ஸ்கீம், அதாவது எந்த வரியோடு எந்த வரி ஓசை ஒத்து முடிகிறது என்ற கணக்கு, எழுதி வைத்தால் மார்க் போகும்.

அடுத்தது, பேசுகிறவர் யார்? 'கவிஞர் சொல்கிறார்' என்று தொடங்கும் விடை இங்கே தவறு. பேசுவது யுலிஸிஸ்; கவிஞர் அல்ல. கேட்கிறவரும் இடையில் மாறுகிறார். 33-ஆம் வரியில் 'இவன் என் மகன்' என்று யாருக்கோ காட்டுகிறான். 44-இல் துறைமுகம் வருகிறது, 45-இல் மாலுமிகளைப் பெயர் சொல்லாமல் உரிமையோடு கூப்பிடுகிறான். இடம்சுட்டி விளக்கும் கேள்விக்கு யார், யாரிடம், எந்த நிலையில் என்ற மூன்றையும் முதலில் எழுதுங்கள். பொருள் அதற்குப் பிறகு. அணியின் பெயரை எழுதிவிட்டு அப்படியே விடாதீர்கள். எது எதுபோல இருக்கிறது, அதனால் நமக்கு என்ன தெரிகிறது என்று ஒரு வாக்கியம் சேருங்கள்.

கடைசிப் பகுதியில் 'புஷ் ஆஃப்' என்கிறான். படகைத் தள்ளச் சொல்கிற அந்தக் குரலுக்குக் காசிமேட்டு மீனவப் பிள்ளைகளுக்கு உரையே வேண்டாம். வரிசையாக உட்காருங்கள், 'ஸ்மைட்', ஓங்கி அடியுங்கள் என்று அந்த வரி முடிகிறது. எதை அடிப்பது? அலையின் சால்களை, அது அடுத்த வரியில். பார்த்தீர்களா, இங்கேயும் வரி முனையில் நின்றால் துடுப்பு அந்தரத்தில்தான்!

நாடகத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. ஒன்று மட்டும். இரண்டு மூன்று பேர் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு படியுங்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் நுழைவு, வெளியேற்றக் குறிப்புகளையும் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். மேடையில் பேசாமல் நின்று கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்பது அதில்தான் தெரியும். வணக்கம்.