ஆணியில் தொங்கிய தம்ளர்

(குழித்துறைப் பக்கம் ஒரு சபை ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையாருக்கு ஸ்தோத்திரம். நீட்ட மாட்டேன், போதகர் இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

காலை ஆறு மணிக்கு நம்ம ஜங்ஷனில் போய் நின்று பாருங்கள். மண்வெட்டியும் சோற்றுப் பையுமாகக் கூலிக்கு ஆட்கள் நிற்பார்கள். உள்ளூர்க்காரரும் உண்டு, அசாமிலிருந்து வந்த பையன்களும் உண்டு. ஸ்கூட்டரில் வருகிறவர் தோளைப் பார்த்து ஆள் பிடிப்பார். பத்து மணிக்கு மிச்சம் நிற்பது யார்? வயசாளி, இருமுகிறவர், பாஷை தெரியாதவர்.

மத்தேயு 20-இல் சாயங்காலம் ஐந்து மணிக்கும் சிலர் அப்படித்தான் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், ‘ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை’ என்கிறார்கள். நாம் வேகமாக வாசித்துத் தாண்டுகிற வரி அது. கூலி நேரத்தில் எஜமான் பிந்தி வந்தவர்களிடமிருந்து கொடுக்கச் சொல்கிறான். எல்லாருக்கும் ஒரே பணம். கிருபை எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் ஒத்துவராது.

நம் கதையும் அதுதானே? 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழி வழியாக மயிலாடிக்கு வந்தார். தஞ்சாவூர் போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய மகாராசன் வேதமாணிக்கம் கூப்பிட்டு வந்தார். வேதமாணிக்கம் தலித் சாதியான சாம்பவர். இந்த ஒரு சொல்லை மட்டும் சபை வரலாறு பேசும்போது சிலர் விழுங்கிவிடுகிறார்கள்.

என் பாட்டி தோள்சீலைக் கதை சொல்வாள். மார்பை மறைத்துச் சந்தைக்குப் போன நாடார் பெண்களின் சீலையை மேல்சாதிக்காரர் கிழித்த கதை. மறைக்கலாம் என்று 1859-இல் திருவிதாங்கூர் மகாராஜா விளம்பரம் வந்தது. அதிலும் ஒரு வால். மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாதாம்! சொல்லும்போதே பாட்டிக்குக் கண் நிறையும்.

அதே பாட்டியின் மாட்டுத் தொழுத்துச் சுவரில், ஆணியில் ஒரு அலுமினியத் தம்ளர் தொங்கும். விளிம்பு நெளிந்தது. மரச்சீனி நட வருகிறவருக்குக் கட்டன் சாயா அதில்தான். அவர் குடித்துவிட்டுத் தாமே கழுவிக் கவிழ்த்து வைப்பார். எட்டு வயதில் அந்தத் தம்ளரை எடுத்து நீட்டிய கை இது. அவரும் ஞாயிற்றுக்கிழமை நம்மோடு ஒரே பாட்டைப் பாடியவர்தான்.

மிஷனரி மீட் ஐயரை எல்லாருக்கும் தெரியும். 1818-இல் நாகர்கோவில் வந்தவர், பள்ளியும் அச்சகமும் நடத்தியவர். பின்னாளில் அவர் பறையர் குலத்துக் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். அவருடைய மிஷன்காரர்களுக்கே பொறுக்கவில்லை. அவர் மிஷனை விட்டு விலகினார். ஞானஸ்நானம் கொடுக்கலாம், தாலி கட்டக் கூடாது!

கிறிஸ்துமஸுக்கு அரிசியும் சேலையும் கொடுக்க நமக்குக் கை தாராளம். ஆனால் 1950 ஜனாதிபதி ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிச் சலுகை இன்றும் கிடையாது. அதைக் கொடுக்கச் சொல்லும் கோரிக்கைக்குக் கையெழுத்து வாங்கப் போனபோது ஒரு மூப்பர், “அது அவங்க விஷயம்லா?” என்றார். நல்ல மனுஷர்தான். ஜெபக்கூட்டத்தில் கிருபை என்று சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும்.

சரி, நிறுத்துகிறேன். வெளியே சாயா தயாராம். பந்தல் போட்ட தம்பிமார் விடியற்காலையிலிருந்து வேலியோரம் நிற்கிறார்கள். கமிட்டிக்காரர்களே, அங்கேயிருந்து கொடுக்கத் தொடங்குங்கள். எல்லாருக்கும் ஒரே தம்ளர்தானே?