திரையில் 180.01 வந்தால்

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில், தமிழ்வழிப் பள்ளிக் கணித ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கேரளப் பள்ளிகளுக்குக் கணினி புதுசு இல்லை. ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-லேயே தொடங்கியது. 2017-ல் அதுவே கைட் என்ற அரசு நிறுவனம் ஆனது. வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் வந்தன. கணினியை இயக்கும் லினக்ஸ், வடிவங்கள் வரைந்து அளக்கிற ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆக, கருவி இருக்கிறது. அதை யார் தொடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

பெரும்பாலும் டீச்சர் தொடுகிறார், பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். அதற்குக் கரும்பலகையே போதும், கரண்ட் போனாலும் நிற்காது.

ஒரு பிள்ளையை ஜியோஜீப்ராவில் சதுரம் வரையச் சொல்லுங்கள். நாலு புள்ளி வைத்து, கண்மதிப்பில் நேராக்கி, "முடிச்சிட்டேன் டீச்சர்" என்று காட்டும். சரி, ஒரு மூலையைப் பிடித்து இழு என்று சொல்லுங்கள். சதுரம் கோணிக்கொண்டு போகும். செங்குத்துக்கோடு எதற்கு, சம நீளம் எடுக்க வட்டம் எதற்கு என்று அப்போதுதான் அந்தப் பிள்ளை தேடத் தொடங்கும். நோட்டில் வரைந்த படத்தில் இந்தக் குட்டு உடைவதே இல்லை. மலையாளத்தில் கிடைக்கிற அளவுக்குப் பாட வீடியோக்கள் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை என்று நாம் குறைப்படுகிறோம், நியாயம்தான். ஆனால் மூலையைப் பிடித்து இழுக்க எந்த மொழியும் வேண்டாம்.

அடுத்தது முக்கோணம். மூன்று கோணங்களை அளந்தால் திரையில் 61.34, 57.34, 61.33 என்று வரலாம். கூட்டினால் 180.01. இரண்டு தசம இடத்துக்கு முழுதாக்கிக் காட்டுவதால் வருகிற வித்தியாசம் அது. கம்ப்யூட்டர் தப்பு, விடு என்று அந்த இடத்தைத் தாண்டிவிடாதீர்கள். எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அளவை நம்பி 180 என்று சொல்ல முடியாது என்பது பிள்ளைக்கு அங்கேதான் உறைக்கும். உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு வரையச் சொல்லுங்கள். ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். மூன்று கோணமும் ஒரே நேர்கோட்டில் வந்து உட்காரும். இனி எந்த முக்கோணத்தையும் அளக்க வேண்டியதில்லை. நிரூபணம் என்ற பேச்சையே எடுக்காமல் அதன் தேவையைப் புரியவைத்துவிட்டோம்.

"இதெல்லாம் எஸ்எஸ்எல்சி பரீட்சைக்கு வருமா?" என்று பெற்றோர் கேட்பீர்கள். மவுஸ் வராது, காரணம் எழுதுகிற கேள்வி வரும்.

பெரிய பிள்ளைகளுக்கு நம் பக்கத்து மாவட்டக்காரர் ஒருவரைச் சொல்கிறேன். சங்கமகிராம மாதவர், 14-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர். திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாலக்குடா பக்கம் வாழ்ந்தவர் என்பார்கள். 1-இலிருந்து மூன்றில் ஒன்றைக் கழி, ஐந்தில் ஒன்றைக் கூட்டு, ஏழில் ஒன்றைக் கழி. இப்படியே போனால் π (பை, 3.1415926...) என்ற எண்ணில் கால் பங்கு கிடைக்கும் என்பது அவர் பெயரில் வழங்கும் தொடர். லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருளில் ஒரு சூத்திரம் எழுதி நூறு வரிசைக்கு இழுத்துவிட்டு, கூட்டுத்தொகையை நான்கால் பெருக்கினால் 3.1315929 வரும். நூறு உறுப்பு கூட்டியும் இரண்டாவது தசம இடமே தப்பு! பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அதோடு நூறில் ஒன்றை, அதாவது 0.01-ஐக் கூட்டச் சொல்லுங்கள். 3.1415929. ஆறு தசம இடம் சரியாகிவிட்டது. தொடரைப் பாதியில் நிறுத்தினால் எவ்வளவு பாக்கி நிற்கும் என்ற திருத்தத்தையும் மாதவர் வழியினர் கணக்கிட்டு வைத்திருந்தார்கள். இதைவிட நுட்பமான திருத்தங்களும் அவர்களிடம் இருந்தன. கால்க் அதை நாம் கண்ணால் பார்க்க உதவுகிறது, அவ்வளவுதான்.

இப்போது லேப் திறந்திருக்கிறது, பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். மவுஸை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஐம்பதாவது வரிசையில் நிறுத்தினால் எதைக் கூட்ட வேண்டும் என்று கேளுங்கள். ஐம்பத்தொன்றில் நிறுத்தினால் கூட்டுவதா, கழிப்பதா என்றும் கேளுங்கள். விடையைத் தாளில் எழுதிய பிறகு என்டர் தட்டட்டும்.