புத்தகமே கேம் மாஸ்டர் ஆனால்

வணக்கம் நேயர்களே. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டும், ஒரே ஆள் பென்சிலும் பகடையுமாக உட்கார்ந்து, கதையின் வழியைத் தானே தேர்ந்தெடுத்துப் படிக்கும் கேம்புக்கும் வேறு வேறு சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லவே இல்லை. மேசை விளையாட்டுதான் கேம்புக்கைப் பெற்றெடுத்தது.

1974-ல் அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டு வந்தது. அதை ஆட நண்பர்கள் வேண்டும், கதையை நடத்திக்கொண்டு போக ஒரு கேம் மாஸ்டர் வேண்டும். ஆள் கிடைக்காதவர் என்ன செய்வார்? அவருக்காகவே 1976-ல் ரிக் லூமிஸ் 'பஃபலோ காசில்' எழுதினார். டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் என்ற இன்னொரு ரோல்பிளேயிங் விளையாட்டுக்கான சாகசம் அது. கேம் மாஸ்டர் வாயால் சொல்ல வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டார். ஆனால் ஆட வேண்டுமென்றால் மூல விளையாட்டின் விதிகள் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தடையும் 1982-ல் போனது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை பிரிட்டனில் விற்றுக்கொண்டிருந்த ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் சேர்ந்து எழுதிய 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' எண்ணிட்ட 400 பகுதிகள் கொண்டது, நீங்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்து அடுத்து எந்த எண்ணுக்குப் போவது என்று அதுவே சொல்லும், விதிகளும் உள்ளேயே இருந்தன. உங்கள் கதாபாத்திரத்துக்குத் திறமை, உடல்வலு, அதிர்ஷ்டம் என்று மூன்றே எண்கள். இதில் அதிர்ஷ்டம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு பகடை உருட்டி, கூட்டுத்தொகை உங்கள் அதிர்ஷ்ட எண்ணைத் தாண்டாவிட்டால் தப்பித்தீர்கள். ஆனால் தப்பித்தாலும் மாட்டினாலும் அந்த எண்ணில் ஒன்று குறையும், அதனால் அடுத்த முறை பகடையைக் கையில் எடுக்கும்போதே வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் அந்தச் சாவிகள். வழியில் கிடைக்கும் சாவிகளில் எண் பொறித்திருக்கும், கடைசியில் புதையல் பெட்டியைத் திறக்க மூன்று சாவிகளின் எண்களையும் கூட்டி, அந்த எண்ணுள்ள பகுதிக்குப் போக வேண்டும். சரியான சாவி உங்களிடம் இருக்கிறதா என்று புத்தகமே சோதித்துவிடுகிறது, பக்கத்தில் யாரும் இல்லாமலே!

ஒன்றை மட்டும் புத்தகத்தால் தர முடியாது. மேசையில், "நான் சண்டை போடவில்லை, அந்தக் காவலாளியோடு உட்கார்ந்து பேசப்போகிறேன்" என்று நீங்கள் சொன்னால் கேம் மாஸ்டர் ஒரு நொடி யோசித்துவிட்டு அவனைப் பேசவைப்பார். புத்தகத்தில் அச்சாகியிருக்கும் வழிகள்தான் உங்களுக்கு.

அந்த இடைவெளியை ஜாக்சனும் உணர்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன். 1984-ல் அதே மூன்று எண்களை வைத்து, நண்பர்கள் கூடி ஆடுவதற்கான ரோல்பிளேயிங் விதிகளை ஒரு சிறு புத்தகமாகவே கொண்டுவந்தார். அதுவரை தனியாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து, "கதவு திறக்கிறது, என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று நண்பர்களைக் கேட்கலாம்.