பறந்தும் துருவேறாத ரத்தம்

நண்பர்களே, 7 கிராம் எடையுள்ள ஒரு மூஞ்சூறு இரண்டு வருஷம் வாழ்ந்தாலே பெரிது. சைபீரியாவில் வளையம் மாட்டிப் பறக்கவிட்ட 'பிராண்ட்' என்ற இனத்து வௌவால் ஒன்றும் கிட்டத்தட்ட அதே எடைதான். அதை 41 வருஷம் கழித்து மறுபடி உயிரோடு பிடித்தார்கள்.

சும்மா தொங்கிக்கொண்டே காலம் தள்ளிய பிராணியும் இல்லை அது. பாலூட்டிகளில் சிறகடித்துப் பறப்பது வௌவால் இனம் மட்டும்தான். பறக்கும்போது ஆக்சிஜன் செலவு பல மடங்கு கூடும், உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டும். இவ்வளவு ஆக்சிஜன் புழங்கினால், செல்லை அரிக்கும் வீரிய மூலக்கூறுகளும் குவிய வேண்டும் அல்லவா?

செல்லுக்குள் ஆக்சிஜனை எரித்துச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இதற்கு ஒரு பதில் கிடைத்தது. ஒரே அளவு ஆக்சிஜனைச் செலவழித்தாலும், வட அமெரிக்காவின் சிறு பழுப்பு வௌவாலிடம் அந்த வீரிய மூலக்கூறுகளில் ஒன்றான ஹைட்ரஜன் பெராக்சைடு எலியைவிடக் குறைவாகவே உண்டாகிறது என்று 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. சரி, ஆனால் இந்தச் சாமர்த்தியம் ரத்தச் சிவப்பணுவுக்கு உதவாது. பாலூட்டியின் சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. உட்கருவும் இல்லை, அதனால் கெட்டுப்போன நொதிக்குப் பதில் புதிதாக ஒன்று செய்துகொள்ளவும் வழியில்லை. பிறக்கும்போது கட்டிக்கொடுத்த சோற்றை வைத்தே ஆயுசு முழுக்க ஓட்ட வேண்டும்.

சிவப்பணுவுக்கு ஆபத்து உள்ளேயே இருக்கிறது. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, ஆக்சிஜனைச் சுமக்கும்போது அவ்வப்போது ஓர் எலக்ட்ரானைப் பறிகொடுத்துவிடும். மனித ரத்தத்தில் தினமும் 1 முதல் 3 சதவீத ஹீமோகுளோபின் இப்படிக் கெட்டு, பிறகு சரிசெய்யப்படுகிறது. கெடும் ஒவ்வொரு முறையும் சூப்பராக்சைடு என்ற இன்னொரு வீரிய மூலக்கூறு பிறக்கிறது. ஒரு நொதி அதைப் பெராக்சைடாக மாற்றும். அப்புறம் கேட்டலேஸ், பெராக்ஸிரெடாக்சின் என்ற நொதிகளும் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறும் சேர்ந்து அதைத் தண்ணீராக்கிவிடும். செலவான குளூட்டாதயோனைப் புதுப்பிக்கும் சக்தி குளுக்கோஸிலிருந்து வருகிறது. அந்த வழியின் முதல் நொதியான ஜி6பிடி குறைந்த மனிதர்கள் உலகில் சுமார் 40 கோடிப் பேர். மலேரியாவுக்கு ப்ரைமாகுவின் கொடுத்தால் அவர்களுடைய சிவப்பணுக்கள் உடைந்துபோகலாம்.

இப்போது வௌவாலுக்கு வருவோம். அதன் சிவப்பணுக்கள் சிறியவை, எண்ணிக்கையில் மிக அதிகம். சில இனங்களில் ரத்தத்தின் பாதிக்கு மேல் சிவப்பணுதான். அத்தனையும் இரும்பு, அத்தனையும் ஆபத்து என்று தோன்றும். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. சிவப்பணு தன் பெராக்சைடை மட்டும் அழிப்பதில்லை, பக்கத்துத் திசுக்களிலிருந்து கசிந்து வருவதையும் உள்ளிழுத்து அழிக்கிறது. அப்படியானால் அடர்ந்த ரத்தம் வெறும் ஆக்சிஜன் வண்டி அல்ல, துப்புரவுப் படையும்கூட. உணவுக்கும் இதில் பங்கு உண்டு. கோஸ்டாரிகாவில் செய்த ஆய்வில், பழம் தின்னும் வௌவால்களின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், ஆக்சிஜனேற்ற அழுத்தம் (வீரிய மூலக்கூறுகளால் வரும் பாதிப்பு) குறைவாக இருந்தது.

முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார்: "அதனால்தான் ஆஸ்துமாவுக்கு வௌவால் கறி நல்லது என்கிறார்களா ஐயா?" இல்லை ஐயா. இந்த நொதிகள் எல்லாம் புரதம், வயிற்றுக்குள் போனதும் செரித்துவிடும். தவிர, கேரளத்தில் பழந்தின்னி வௌவால்களிடம் நிபா வைரஸ் இருப்பது உறுதியாகியிருக்கிறது. அவற்றைப் பிடிக்கவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம்.